பாட்டிலிருந்து வெட்டிய பத்தொன்பது நிமிடங்கள்

தம்பி,

நீ கேட்ட ஃபைல் என்னிடம் இருக்கிறது. லப்டொப் பழுதாகி எல்லாம் அழிந்துவிட்டது என்று போன கிழமை நான் சொன்னது பொய். லப்டொப் மேசையில்தான் இருக்கிறது. இதை எழுத இடம் வேண்டி அதைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் உன் கலியாணம். நீங்கள் இருவரும் மண்டபத்துக்குள் நடந்து வரும்போது அம்மாவின் பாட்டுப் போகவேண்டும் என்றாய். இணையத்தில் கிடப்பது நசுங்கிய சத்தம், பெரிய ஸ்பீக்கரில் போட்டால் தகரத்தில் தட்டுவது போலிருக்கும், முதலில் பதிந்த வேவ் ஃபைலை அப்படியே அனுப்புங்கோ என்றாய். நான் இல்லை என்றேன். "பறவாயில்லை அப்பா, இருக்கிறதை வைச்சுச் சமாளிப்பம்" என்றாய். நீ கோபித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டேன் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டுப் பதிவதைத் தொடங்கியது நீ. பாரிசுக்குப் போவதற்கு முந்திய வருடம் ஒரு மைக் வாங்கி வந்தாய். அம்மா கோயிலில் படிக்கிற பாட்டுகளையும் அவளே கட்டிய பாட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பதிந்து இணையத்தில் போட்டாய். நீ போன பிறகு மைக் என் கைக்கு வந்தது. நான் இருபத்தெட்டு வருடம் பௌதிகம் படிப்பித்தவன். கரும்பலகையில் எத்தனையோ அலைகளை வரைந்திருக்கிறேன். ஒரு வெறும் அறைக்குள் எத்தனை சத்தங்கள் குடியிருக்கின்றன என்பதை நீ போனில் சொல்லித் தந்த பிறகுதான் அறிந்தேன். ஃபிரிஜ்ஜின் பிளக்கைக் கழற்றுங்கோ. மணிக்கூட்டைத் தூக்கிக் குசினிக்குள் வையுங்கோ. யன்னலுக்கு மெத்தையைச் சாத்துங்கோ. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேரே வைக்காமல் கொஞ்சம் பக்கமாக. இல்லாவிட்டால் 'ப' வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். அம்மாவின் தையல் வளையத்தில் ஒரு மெல்லிய துணியை இழுத்துக் கட்டி அதை மைக்குக்கு முன்னால் நிறுத்தினோம். திரையில் ஓடும் சத்தக்கோடு சிவப்பைத் தொடக்கூடாது. அம்மா திறந்த அலுமாரிக்கு முன்னால், தொங்கும் சேலைகளைப் பார்த்தபடி கதிரையில் உட்காரவேண்டும். சேலை எதிரொலியைக் குடித்துவிடும்.

"இஞ்சருங்கோ, சேலை எடுக்கிறதுக்கு அலுமாரி திறக்கிறது தெரியும்," என்றாள் அம்மா. "சேலைக்கு முன்னால இருந்து பாட்டுப் படிக்கிறதை இப்பதான் காணுறன். உங்களுக்கும் மகனுக்கும் விசர்."

போனில் நீ சிரித்தாய். "அம்மா, சேலையள் கைதட்டாது. அதுதான் வசதி."

"கைதட்டாட்டில் பறவாயில்லை. கூறைச்சேலை என்னை முறைச்சுப் பாக்குது."

இன்னொன்றும் சொல்லித் தந்தாய். ஒவ்வொரு முறையும் பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிடம் ஒருவரும் பேசாமல், அசையாமல் இருந்து அறையை மட்டும் பதியவேண்டும். ஏன் என்று கேட்டேன். "பாட்டில எங்கையாவது வெட்டினால் அந்த இடம் செத்துப்போன மாதிரிக் கேக்கும் அப்பா. அந்த ஓட்டைக்குள்ள அறைச் சத்தத்தை எடுத்து வைச்சால் ஒருத்தருக்கும் தெரியாது." நான் நல்ல மாணவன். அந்தப் பாடத்தை நீ நினைத்ததைவிட நன்றாகப் படித்துக்கொண்டேன்.

அம்மாவின் இருமல் தவக்காலத்தில் தொடங்கியது. அவள் இறப்பதற்கு ஆறு மாதம் முன்னால். நித்திரையில் திடீரென்று போய்விட்டாள் என்று உனக்குச் சொன்னேன். அதுவும் பொய். கோயிலில் பாடும்போது கடைசி அடி அவளுக்கு எட்டாமல் போனது. பட்டினத்து ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். நுரையீரலில் கட்டி. பிந்திவிட்டது என்றார்கள். திரும்பி வரும்போது எங்கள் ஊர் கரம்பொன் வரைக்கும் பஸ்ஸில் நல்ல கூட்டம். மண்டைதீவுப் பக்கம், இரண்டு புறமும் கடல் வரும் இடத்தில், யன்னலோரம் இருந்த அம்மா வெளியே பார்த்தபடி சொன்னாள்.

"தம்பிக்குச் சொல்லவேணும்."

"அவனுக்கு விசாக் காட் கிடைக்கட்டும்."

"எப்ப கிடைக்கும்?"

"அகதிக் கேஸ் நடக்குது. இப்ப சொன்னால் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவான். வந்தால் திரும்பிப் போக ஏலாது."

"வந்தால் வரட்டுமன்."

முன்சீற்றில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் பேச்சை நிறுத்தினோம். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. அவள் எடுத்தபோதெல்லாம் நான் எழுந்து வேறு ஏதோ செய்தேன். அவள் போனில் உன்னோடு பேசும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்றேன்.

வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இந்தத் தீவில் இது பழக்கமான வேலை. காட் கிடைக்கும் வரை, பரீட்சை முடியும் வரை, கலியாணம் முடியும் வரை. சொல்லாமல் விடுவதைப் பாசம் என்கிறோம். அதற்கு ஊரே கைகொடுக்கும். அம்மா கட்டிலில் படுத்திருக்க, பக்கத்து வீட்டுத் திரேசா அக்கா உன் போனை எடுத்து, "அம்மா கோயிலுக்குப் போட்டா, நான் இஞ்ச தேங்காய் எடுக்க வந்தனான்" என்பாள். நான் அவளிடம் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

ஆவணி மாதம், சோளகக் காற்று முழு வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு பாட்டைப் பதியவேண்டும் என்றாள். நீ சின்னவனாக இருக்கையில் அவள் மாதாவை நினைத்துக் கட்டிய பாட்டு. 'கரை தெரியும் மட்டும் கண்மூடாதே தாயே.' நீ பலமுறை கேட்டும் அவள் பதியாமல் விட்டிருந்தது. சோளகத்தில் பதியக்கூடாது என்று நீயே சொல்லியிருந்தாய். முகட்டில் காற்று மோதும், பனைகளில் காவோலை உரசும், எதைக் கொண்டு மூடினாலும் கேட்கும். காற்று விழும் வரை பொறுக்கச் சொல்லிச் செய்தி அனுப்பினாய். பொறுக்க நேரமில்லை என்பது உனக்குத் தெரியாது.

மூன்று நாள் பதிந்தோம். ஒரு அடி பாடுவாள். நிறுத்துவாள். இருமுவாள். தண்ணீர் குடிப்பாள். மூச்சு அடங்கக் காத்திருப்போம். அடுத்த அடி. அது நன்றாக வரும்போது நான் கையை உயர்த்துவேன்.

"காகம் கத்தினது. இன்னொருக்கா."

"ம்."

"மீன் வான் ஹோர்ன் அடிச்சிட்டான். இன்னொருக்கா பாடும்."

"கண்டறியாத சத்தம் உங்களுக்கு. காகமும் பாடட்டுமன். அதுக்கும் மாதாதானே."

நான் விடவில்லை. ஒரே அடியை ஒன்பது முறை பாடவைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது: அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். நோயோடு எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. சத்தத்தோடு செய்ய நிறைய இருந்தது.

மூன்றாம் நாள் முதல் சரணம் முடிந்ததும் அம்மா நிறுத்தினாள். இளைப்பாறுகிறாள் என்று நினைத்தேன். அவள் சேலைகளிலிருந்து முகத்தைத் திருப்பி மைக்கைப் பார்த்தாள். வளையத்தை ஒரு விரலால் விலக்கினாள். இருபத்திரண்டு விநாடி பேசினாள்.

"தம்பி, அம்மாவுக்குச் சுகமில்லை ராசா. அப்பா உனக்குச் சொல்லமாட்டார். ஒருக்கா வந்திட்டுப் போ. காட் பிறகும் எடுக்கலாம். எனக்கு உன்னைப் பாக்கவேணும் போல கிடக்கு."

அதன் பிறகு ஃபைலில் என் குரல் வருகிறது. பதிவில் என் குரல் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "அதெல்லாம் பிறகு கதைப்பம். இப்ப ரெண்டாம் சரணத்திலயிருந்து பாடும்."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. வளையத்தைத் திரும்ப இடத்தில் வைத்தாள். சேலைகளின் பக்கம் திரும்பி இரண்டாம் சரணத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சாகப் பாடினாள். இருமவில்லை. காற்றுக்கூட நின்றிருந்தது. அம்மா பாடினதிலேயே இதுதான் திறம் என்று நீ பிறகு எழுதிய சரணம் அது. எதைக் கேட்டு, எது மறுக்கப்பட்ட பிறகு அவள் அப்படிப் பாடினாள் என்பதை இன்றுதான் உனக்குச் சொல்கிறேன்.

ஐந்து நாள் வெட்டினேன். திரையில் மூச்சு ஒரு சிறு மேடு. இருமல் நெட்டையாக எழுந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து எடுத்தேன். இரண்டு அடிகளுக்கிடையில் அவள் காற்றைத் தேடி இழுக்கும் சத்தத்தைக் கேட்டால் உனக்கு விளங்கிவிடும். அதனால் எல்லா மூச்சையும் எடுத்தேன். அழிக்கவில்லை. ஏன் என்று தெரியாது, கை போகவில்லை. எடுத்தவற்றை இன்னொரு ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினேன். 'வெட்டியவை' என்று பெயர் வைத்தேன். பாட்டு நான்கு நிமிடம் வந்தது. வெட்டியவை பத்தொன்பது நிமிடம்.

அவள் உன்னோடு பேசிய இருபத்திரண்டு விநாடியை எடுத்ததும் அந்த இடம், நீ சொன்னது போலவே, செத்துக் கிடந்தது. சரணங்களுக்கிடையில் கொஞ்சம் இடைவெளி வேண்டியிருந்தது. அன்று காலை பதிந்த அறைச் சத்தத்திலிருந்து ஆறு விநாடி எடுத்து அதற்குள் வைத்தேன். அறைச் சத்தம் என்று சொல்கிறோம். அந்த நிமிடம் முழுக்க அம்மா கதிரையில்தான் இருந்தாள். சத்தமில்லாமல் இரும், மூச்சைக் கொஞ்சம் அடக்கும் என்று நான் சொல்லியிருந்தேன். இணையத்தில் அந்தப் பாட்டைக் கேட்கிற எல்லாரும் அந்த இடத்தில் கேட்பது அதைத்தான். பேசிய இடத்தில், வாயை மூடிக்கொண்டு, அம்மா இருக்கிறாள்.

அனுப்பிய அன்றே நீ போன் எடுத்தாய். "சோளகத்துக்குள்ள என்னெண்டு அப்பா இவ்வளவு கிளீனா எடுத்தனீங்கள்?" எனக்குப் பெருமையாக இருந்தது. ஓம், பெருமை. பிறகு கேட்டாய்: "ரெண்டாம் சரணத்துக்கு முதல் ஒரு இடம் கொஞ்சம் ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் வெட்டினனீங்களோ?"

"நாய் குரைச்சது," என்றேன்.

"எங்களிட்ட நாய் இல்லையே."

"பக்கத்து வீட்டு நாய்."

நீ நம்பினாய். உன் அம்மா உன்னை அழைத்ததை நாய் குரைத்தது என்று சொன்ன ஒருவன்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறான். இந்த வரியைப் பலமுறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இது நிற்கவேண்டும்.

அடுத்த மாதம் அவள் போனாள். செத்தவீட்டை நீ போனில் பார்த்தாய். திரேசா அக்கா போனைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள். சத்தம் வரவில்லை என்று நீ திரும்பத் திரும்ப எழுதினாய். சிக்னல் சரியில்லை என்று பதில் போட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. அழுகிற பெண்களில் யாராவது, எத்தனை மாதம் துடித்தாய் என்று சொல்லி அழுதால் உனக்கு விளங்கிவிடும். அதற்காகப் போனின் சத்தத்தை நிறுத்தச் சொன்னது நான். உன் அம்மாவின் செத்தவீட்டை நீ ஊமையாகப் பார்த்தாய். நாலு மாதம் கழித்து உனக்குக் காட் கிடைத்தது. நீ அழுதுகொண்டே சொன்னாய், அம்மா இருந்திருந்தால் என்று. நான் ஓம் என்றேன்.

இரண்டு வருடமாகிறது. பாட்டுக்குக் கீழே ஆட்கள் இன்னும் எழுதுகிறார்கள். ரொறன்ரோவிலிருந்து ஒருவர்: என்ன மூச்சு, ஒரு இடத்திலும் உடையவில்லை. அதை வாசித்துவிட்டு நான் வெட்டியவையைத் திறந்தேன். திறக்கக்கூடாது. ஆனாலும் திறக்கிறேன். இருமல், மூச்சு, கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம், "ம்", மூச்சு, மூச்சு, என் குரல் "இன்னொருக்கா", மூச்சு. பாட்டில் அவள் இல்லை என்று சிலவேளை தோன்றுகிறது. இதற்குள் இருக்கிறாள். ஒருநாள் அதே அறையில், மெத்தையை யன்னலுக்குச் சாத்தி, ஃபிரிஜ்ஜை நிறுத்தி, அலுமாரியைத் திறந்து வைத்து, ஒரு நிமிடம் அறையைப் பதிந்தேன். பழைய நிமிடத்தையும் புதியதையும் திரையில் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்தேன். புதியது சுத்தம். அலை ஒரு நூல் போல ஓடுகிறது. உனக்குப் பிடித்திருக்கும். நான் கதிரையை விட்டு எழுந்து வெளியே போய்விட்டேன்.

கலியாணம் செய்யப் போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நீங்கள் இருவரும் ஒரு அறைக்குள் வாழப் போகிறீர்கள். உன்னைக் கட்டப்போகிற அந்தப் பிள்ளை ஏதாவது சொல்ல வாயெடுக்கும்போது உன் கையில் ஒரு வேலை இருக்கும், அது நல்ல வேலையாகவும் இருக்கும், அவளுக்காகவே செய்கிற வேலையாகவும் இருக்கும். அதைக் கீழே வை. நான் வைக்கவில்லை. உன் நன்மைக்கு என்று நான் செய்தது உண்மையா, அவள் சாகப்போகிறாள் என்பதை வாய்விட்டு ஒருவருக்கும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல் போனதா என்று இப்போதும் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும். நீ வந்திருந்தால் உன் கேஸ் போயிருக்கும், இந்தக் கலியாணம் இருந்திருக்காது என்று மனம் கணக்குக் காட்டுகிறது. அந்தக் கணக்கை நான் போட்டிருக்கக்கூடாது. போடவேண்டியவர்கள் நீயும் அம்மாவும்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பென்டிரைவில் இரண்டு ஃபைல் அனுப்புகிறேன். ஒன்று மூன்றாம் நாள் பதிந்தது, வெட்டாதது. பதினோராம் நிமிடத்தில் அவள் பேசுகிறாள். மற்றது வெட்டியவை. ரயிலில் கேட்காதே. வேலையிடத்தில் கேட்காதே. வீட்டில் இருந்து, நல்ல ஹெட்ஃபோனில் கேள். இரைச்சலைக் குறைக்காதே, காற்றும் காகமும் இருக்கட்டும். மண்டபத்தில் எதைப் போடுவது, எதையாவது போடுவதா என்பதை நீ முடிவு செய். கேட்டு முடித்ததும் என்னை ஏசவேண்டும் என்றால் ஏசு. பறவாயில்லை என்று மட்டும் சொல்லாதே.

இங்கேதான் கடிதத்தை முடித்திருந்தேன். இன்று காலை திரேசா அக்கா மீன்குழம்பு கொண்டுவந்தவள் மேசையில் கிடந்த ஆஸ்பத்திரித் துண்டைக் கண்டுவிட்டாள்.

"இது ஆற்ற துண்டு மாஸ்ரர்?"

"என்ர."

அவள் அதை வாசித்தாள். திருப்பியும் பார்த்தாள். "தம்பிக்குச் சொல்லிப்போடாதேங்கோ. கலியாணம் முடியட்டும். பிள்ளையின்ர சந்தோசத்தைக் கெடுக்கப்படாது."

"ஒருக்கால் சொல்லாமல் விட்டனான் அக்கா."

"அது வேற."

"என்ன வேற?"

"உங்களோட கதைக்க ஏலாது" என்று சட்டியை வைத்துவிட்டுப் போனாள். படலை வரைக்கும் போனவள் திரும்பி வந்து வாசலில் நின்றாள். "எழுதுறதெண்டால் எழுதுங்கோ. திரேசா அக்காவும் பொய் சொன்னவ எண்டு எழுதிவிடுங்கோ." முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு வயிற்றில் ஒரு கட்டி இருக்கிறது, தம்பி. என்ன கட்டி என்று இன்னும் தெரியாது. வருகிற திங்கள் பட்டினத்து ஆஸ்பத்திரியில் அதில் சதைத் துண்டெடுத்துப் பார்க்கிறார்கள். சின்ன விஷயமாகவும் இருக்கலாம். டொக்டர் அப்படிச் சொல்லவில்லை, வேறு மாதிரியும் சொல்லவில்லை. இரண்டு மாதமாகச் சாப்பாடு குறைவு. அந்த நேரம் போனில் உனக்குச் சாப்பிட்டேன் என்று சொன்ன நாட்களில் பாதி நாள் சாப்பிடவில்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதில் ஒன்றையும் வெட்டி எடுக்கவில்லை.

வா என்று நான் கேட்கவில்லை. வராதே என்று சொல்ல இனி எனக்கு உரிமை இல்லை.

அப்பா